25 கிலோ இ-மவுன்டன் பைக்: எடையைக் குறைக்க எதுல காசு போடலாம், எதுல போட வேணாம்

ஃபுல் சஸ்பென்ஷன் இ-மவுன்டன் பைக், அதாவது முன்னாடியும் பின்னாடியும் சஸ்பென்ஷன், கூடவே மோட்டாரும் பேட்டரியும் இருக்குற மலைச் சைக்கிள், வாங்குன முக்காவாசிப் பேர் கொஞ்ச நாள்ல வந்து நிக்குற கேள்வி இது, பைக் 24, 25 கிலோ இருக்கே, பார்ட்ஸ் மாத்தி 22-க்குக் கொண்டு வர முடியுமான்னு. ரெண்டு கிலோ வரைக்கும் முடியும், அதுக்கு மேல ரொம்பக் கஷ்டம். அந்த ரெண்டு கிலோவுலயும் முதல் முந்நூறு நானூறு கிராம் நூத்திச் சொச்சம் யூரோல போயிடும், கடைசி முந்நூறு கிராமுக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல கேக்கும். எந்த இடத்துல நிறுத்தணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா நிறையக் காசு மிச்சம்.

நான் இருக்குறது ஜெர்மனில ஸ்டுட்கார்ட் பக்கம், ஓட்டுறது பெரும்பாலும் ஷ்வேபிஷே ஆல்ப் மலைச்சரிவுல, அதனால விலையெல்லாம் யூரோல தோராயமா சொல்றேன், தள்ளுபடி சீசன்ல குறையும். கணக்குக்கு இங்க தெருவுக்கு நாலு ஓடுற மாதிரி ஒரு பைக் எடுத்துக்குவோம், பாஷ் சிஎக்ஸ் மோட்டார், 750 வாட் அவர் பேட்டரி, அலுமினியம் ஃப்ரேம், 29 இன்ச் வீல், ஸ்ராம் என்எக்ஸ் கேசட் (பின் சக்கரத்துல இருக்குற கியர் பல்சக்கர அடுக்கு), டயருக்குள்ள சாதாரண ட்யூப். பெடலோட சேத்து 25 கிலோ.

முதல்ல எதுக்காகக் குறைக்கணும்னு தெளிவா இருக்கணும். நிறைய பேர் சொல்ற காரணம் ரேஞ்சு, எடை குறைஞ்சா பேட்டரி கூட நேரம் நிக்கும்னு. கணக்குப் போட்டுப் பாருங்க. ஓட்டுறவர் 80 கிலோ, பைக் 25, ஹெல்மெட் தண்ணி பை டூல்ஸ் எல்லாம் சேத்து 5, மொத்தம் 110 கிலோ. அதுல ஒரு கிலோ குறைச்சா ஒரு சதவீதம் கூட இல்ல. 1000 மீட்டர் உயரம் ஏறுறதுக்கு ஒரு கிலோவைத் தூக்க வேண்டிய சக்தி 9810 ஜூல், அதாவது 2.7 வாட் அவர், மோட்டார்ல வீணாகுறதையும் நீங்க மிதிக்குறதையும் கூட்டிக் கழிச்சா பேட்டரில இருந்து சுமாரா 3 வாட் அவர். உங்க பேட்டரி 750. ரெண்டாயிரம் யூரோ செலவு பண்ணி ரெண்டு கிலோ குறைச்சாலும் ஆயிரம் மீட்டர் ஏத்தத்துக்கு மிச்சமாகுறது 6 வாட் அவர்தான், மோட்டார் முழு உதவி குடுக்குற டர்போ மோடுல ஒரு நிமிஷம் ஓட்டுனா அதைவிடக் கூடப் போயிடும். அதனால ரேஞ்சுக்காகப் பார்ட்ஸ் மாத்துறவங்க தயவுசெஞ்சு அந்த யோசனையை விட்ருங்க, அதுக்கு வேற வழி இருக்கு, டயர் பத்திச் சொல்லும்போது வரும்.

எடை நிஜமாவே உறைக்குற இடம் வேற. பைக்கைக் கையால தூக்குற இடம் எல்லாம். இங்க அபார்ட்மென்ட்ல பைக் வைக்குறது கீழ பேஸ்மென்ட்ல, செங்குத்தான படி, நடுவுல ஒரு திருப்பம், ஹேண்டில்பார் சுவத்துல இடிக்கும். 25 கிலோங்கறது ஊருக்குப் போகும்போது ஏர்போர்ட்ல 23 கிலோவுக்கு மேலன்னு நிப்பாட்டுவாங்களே அந்தப் பெட்டி கனம், அதுவும் புடிக்கத் தோதா கைப்புடி இல்லாத பெட்டி. அப்புறம் ரயில்வே ஸ்டேஷன்ல லிஃப்ட் ரிப்பேரா இருக்குற நாள், விழுந்து கிடக்குற மரத்தைத் தாண்டுறப்போ, கார் ரேக்ல ஏத்துறப்போ. அதுபோக பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலக் காட்டுச் சட்டப்படி 2 மீட்டருக்குக் குறுகலான பாதைல, தனியா அனுமதி குடுத்த ட்ரெயில் தவிர, சைக்கிள் ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளணும், அதனால தள்ளுற வேலையும் இந்தப் பக்கம் உண்டு. ஓட்டும்போதுன்னு பாத்தா முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு வேர்மேல வைக்குறப்போ, டைட்டான வளைவுல பைக்கைச் சாய்ச்சு உடனே மறுபக்கம் சாய்க்குறப்போ, அப்புறம் 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி மோட்டார் கை விட்டுடுறப்போ. இதெல்லாம்தான் காரணம்னா மேல படிங்க.

ஒண்ணு மட்டும், காசு செலவில்லாத வேலையை முதல்ல முடிச்சிடுங்க. ரேக்ல ஏத்தும்போதும் படியிறங்கும்போதும் பேட்டரியைக் கழட்டுங்க, பவர்டியூப் 750 மட்டும் 4.3 கிலோ இருக்கு, பைக் 21-க்குள்ள வந்துடும். எந்த கார்பன் பார்ட்டும் இந்த வித்தியாசத்தைத் தராது. ரேக்கை மாட்டுற காரோட டோபார்ல (பின்னாடி இருக்குற இழுவைக் கொக்கி) எவ்வளவு கனம் நிக்கலாம்னு ஒரு அளவு இருக்கும், நிறைய கார்ல 75 கிலோ, ரேக்கே 18 கிலோ, ரெண்டு இ-பைக் 50, கிட்டத்தட்ட எல்லையைத் தொட்டாச்சு, பேட்டரியை டிக்கில வச்சா நிம்மதி. தண்ணியும் அப்படித்தான், வழில குழாய் இருக்குற ரூட்ல ரெண்டு லிட்டர் சுமக்கத் தேவையில்ல.

சரி, பார்ட்ஸுக்கு வருவோம். என்னைக் கேட்டா முதல் செலவு டியூப்லெஸ்தான், ரெண்டாவது யோசனையே வேணாம். 29 இன்ச் மவுன்டன் பைக் ட்யூப் ஒண்ணு 200-லேர்ந்து 250 கிராம் வரும், அதை எடுத்துட்டு சீலன்ட் (ஓட்டையை அடைக்குற திரவம்) 100, 120 மில்லி ஊத்தி வால்வு போட்டா ஒரு வீலுக்கு நூறு கிராமுக்கு மேல மிச்சம், ரெண்டுக்கும் சேத்து 200 சொச்சம். பெரும்பாலான பைக்ல ரிம்மும் டயரும் டியூப்லெஸ்க்கு ரெடியாத்தான் வரும், கம்பெனில ட்யூப் போட்டு அனுப்பிடுவாங்க, ரிம் டேப் ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு மட்டும் பாத்துக்கணும், ஸ்போக் ஓட்டை மேல டேப் குழிஞ்சோ ஓரம் தூக்கியோ இருந்தா புதுசா ஒட்டிடுங்க, காத்து இறங்குறதுக்குப் பாதிக் காரணம் அதுதான். வால்வு, சீலன்ட், டேப் எல்லாம் சேத்து 50 யூரோ. கிராமுக்கு 25 சென்ட் கூட வரல, இந்தக் கட்டுரைல இதைவிடச் சல்லிசா எதுவும் வராது.

எடையை விட இதுல பெரிய லாபம் காத்தழுத்தம். ட்யூப் இருந்தா கம்மி அழுத்தத்துல கல்லுல இடிக்கும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல நசுங்கி ரெண்டு ஓட்டை விழும், அந்தப் பயத்துலயே கல்லு மாதிரி காத்தடிச்சு ஓட்டுவோம். டியூப்லெஸ்ல 80 கிலோ ஆளு முன்னாடி 1.6 பார், பின்னாடி 1.8 பார் வரைக்கும் வரலாம், ஈரமான வேர்மேல டயர் ஒட்டுற விதமே வேற. ஒரே ஒரு பராமரிப்பு, சீலன்ட் மூணுலேர்ந்து ஆறு மாசத்துல காஞ்சிடும், வீலைக் காதுகிட்ட வச்சுக் குலுக்கிப் பாருங்க, உள்ள தளும்புற சத்தம் வரலைன்னா வால்வோட உள் ஊசியைக் கழட்டி மறுபடி ஊத்திடணும். டியூப்லெஸ் வேலையே புடிக்காது, ஆனா கனம் குறையணும்னா டிபியுங்கற மெல்லிசு பிளாஸ்டிக் ட்யூப் இருக்கு, சாதாரண ட்யூப்ல பாதிக்கும் கீழ, 85 கிராம் மாதிரி, பேக்ல ஸ்பேரா வச்சுக்க அருமை. இ-பைக்ல தினசரி ஓட்ட நான் அதைச் சொல்ல மாட்டேன், கல்லு நசுக்குற பிரச்சனை அப்படியே இருக்குமே.

அடுத்தது டயர், இங்கதான் கொஞ்சம் நின்னு யோசிக்கணும். எடை குறைக்குறவங்க முதல்ல கை வைக்குற இடமும் இது, முதல்ல வருத்தப்படுற இடமும் இது. டயரோட கனத்தை முடிவு பண்றது பட்டன் இல்ல, உள்ள இருக்குற துணி அடுக்கு. மேக்ஸிஸ்ல எக்ஸோ, எக்ஸோ ப்ளஸ், டபுள்டவுன், டிஹெச்னு போகும், ஷ்வால்பேல சூப்பர் ட்ரெயில், சூப்பர் கிராவிட்டின்னு. ஒரு படி இறங்குனா டயருக்கு 100-லேர்ந்து 200 கிராம் குறையும். சக்கரத்தோட வெளி ஓரத்துல இருக்குற எடைங்கறதால வேகம் எடுக்கும்போது அந்த ஒரு கிராம் ரெண்டு கிராமுக்குச் சமம், கையில திருப்பும்போதும் தெரியும். கேக்கவே ஆசையா இருக்கும்.

ஆனா முன் டயரும் பின் டயரும் ஒண்ணு இல்ல. பேட்டரி, மோட்டார், ஆளு எல்லாரோட பாரமும் இறங்குறது பின் சக்கரத்துல, கல்லுல முழு வேகத்தோட இடிக்குறதும் அதுதான். ஷ்வேபிஷே ஆல்ப் சுண்ணாம்புக்கல் மலை, பாட் ஊராக் பக்கம் சரிவுல இறங்குனா பாதைல நீட்டிட்டு இருக்குற கல்லோட ஓரம் கத்தி மாதிரி, மெல்லிசு டயரோட பக்கச் சுவத்துல ஒரு விரல் நீளத்துக்குக் கிழிச்சா சீலன்ட் எல்லாம் வெள்ளையாப் பீச்சியடிச்சு நின்னுடும், ப்ளக் வச்சாலும் அந்த இடத்துல நிக்காது. அப்புறம் 25 கிலோவைக் கீழ வரைக்கும் தள்ளணும். அதனால என் முடிவு இதுதான், பின்னாடி டபுள்டவுனோ சூப்பர் கிராவிட்டியோ இருந்தா அதைத் தொடாதீங்க, முன்னாடி மட்டும் ஒரு படி இறங்குங்க, எக்ஸோ ப்ளஸ் இல்லைன்னா சூப்பர் ட்ரெயில். 65 யூரோ, 150 கிராம், டயர் தேயுறப்போ மாத்துனா செலவே இல்லைன்னு வச்சுக்கலாம். ரொம்ப மென்மையான காட்டுப்பாதை, கல்லே கிடையாது, ஆளும் 60 கிலோதான்னா பின்னாடியும் இறங்கலாம், அது வேற கணக்கு.

ரேஞ்சுக்கு வேற வழின்னு சொன்னேன்ல, அது டயரோட ரப்பர். பின்னாடி ரொம்ப மென்மையான ரப்பர் போட்டிருந்தா, மேக்ஸிஸோட மேக்ஸ்க்ரிப் மாதிரி, ரோட்டுல ஒட்டி ஒட்டி உருளும். நடுத்தர ரப்பருக்கு மாறுனா 10 வாட் மிச்சம்னு வச்சுக்கோங்க, ரெண்டு மணி நேரம் ஓட்டுனா 20 வாட் அவர். மேல ரெண்டு கிலோ குறைச்சு 1000 மீட்டருக்கு 6 வாட் அவர் வந்துச்சே, அதைவிட மூணு மடங்கு, ஒரு டயர் விலைல. மென்மையான ரப்பர் முன்னாடி இருக்கட்டும், வளைவுல புடிமானம் வேணுங்கறது அங்கதான்.

கார்பன் வீல் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. கம்பெனில வர்ற அலுமினியம் வீல்செட் 2.0-லேர்ந்து 2.3 கிலோ, நல்ல கார்பன் செட் 1.7, 1.8 கிலோ. ஆயிரத்து இருநூறு யூரோ குடுத்தா முந்நூத்தி அம்பது, நானூறு கிராம். கிராமுக்கு மூணு யூரோ. அலுமினியம் ரிம் இடிச்சா நெளியும், பிளையரால நிமித்திட்டு ஓட்டலாம், கார்பன் விரிஞ்சா தூக்கிப் போடணும், ஓட்டுறதுல ஒரு விறைப்பு வரும்ங்கறது உண்மைதான், ஆனா எடைக்காக மட்டும் வாங்குறதா இருந்தா வேணாம்னுதான் சொல்லுவேன். வாங்கியே ஆகணும்னா இ-பைக்குக்கு அனுமதி இருக்குற ரிம்மா, மொத்த எடை வரம்பு எவ்வளவுன்னு படிச்சுட்டு வாங்குங்க.

கேசட் சுவாரசியமான விஷயம். ஸ்ராம்ல என்எக்ஸ் 11-50 கேசட் (சின்னச் சக்கரத்துல 11 பல்லு, பெருசுல 50) 615 கிராம், ஜிஎக்ஸ் 10-52 சுமார் 450, எக்ஸ்01 370 மாதிரி. ஷிமானோல டியோர் 10-51 593, எஸ்எல்எக்ஸ் 534, எக்ஸ்டி 470, எக்ஸ்டிஆர் 367. ஷிமானோல மேல போகப் போக ஸ்டீல் குறைஞ்சு அலுமினியமும் டைட்டானியமும் வரும், அதுதான் எடைக் குறைவோட ரகசியம், அதுவேதான் இ-பைக்ல பிரச்சனையும். உங்க கால் சக்தியோட சிஎக்ஸ் மோட்டாரோட 85 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் ஒரே செயின் வழியாப் போகுது, மேட்டுல பெரிய பல்லுல வச்சு அழுத்துவோம், கியர் மாத்தும்போது பாரத்தைக் குறைக்க மறந்தா டக்குனு ஒரு சத்தம் கேக்குமே, அந்த அடி முழுக்க வாங்குறது இந்தப் பல்லுங்க. முந்நூறு யூரோ எக்ஸ்டிஆர் கேசட்டை இ-பைக்ல போட்டுத் தேய்க்குறது எனக்கு மனசு வராத செலவு. ஷிமானோவே இ-பைக்கை மனசுல வச்சு லிங்க்க்ளைடுன்னு கனமான, கெட்டியான கேசட் தனியா விடுறாங்கன்னா காரணம் இதுதான்.

அப்போ என்ன பண்ணலாம்னா, என்எக்ஸ் தேயட்டும், அதுவரைக்கும் விடுங்க. தேஞ்சதும் ஜிஎக்ஸ்க்கு மாறுங்க, 165 கிராம் போகும், 10 பல்லு கிடைக்குறதால வேகத்துல மிதிக்கவும் கொஞ்சம் வசதி. ஒண்ணு மறந்துடாதீங்க, என்எக்ஸ் பழைய ஷிமானோ ஸ்ப்ளைன்ல உக்காரும், ஜிஎக்ஸ்க்கு XD ட்ரைவர்னு (ஷிமானோ எக்ஸ்டி இல்ல) வேற ஃப்ரீஹப் பாடி, அதாவது ஹப்புல கேசட் உக்காருற உருளை, வேணும், ஷிமானோ 12 ஸ்பீடுக்கு மைக்ரோ ஸ்ப்ளைன். உங்க ஹப்புக்கு அந்த பாடி கிடைக்குதான்னு பாத்துட்டு கேசட் ஆர்டர் பண்ணுங்க, விலை குறைஞ்ச ஹப்புல சிலதுக்குக் கிடைக்காது. பாடி அம்பது அறுபது, கேசட் இருநூறு பக்கம், மொத்தம் கிராமுக்கு ஒன்றரை யூரோ. கேசட் பின் சக்கரத்தோட சேந்து மேல கீழ ஆடுற எடைங்கறதால பின் சஸ்பென்ஷனுக்கும் நல்லது, அதுக்காகவே ஹேண்டில்பார்ல நூறு கிராம் குறைக்குறதை விட இங்க நூறு கிராம் குறைக்குறதை நான் கூட மதிப்பேன்.

சில்லறை பார்ட்ஸ் எல்லாம் வேகமாச் சொல்லிடுறேன். கார்பன் ஹேண்டில்பார் 130 யூரோ, 80, 90 கிராம், எடையை விட அதிர்வு குறையுறது கைக்கு இதம், மணிக்கட்டு வலிக்குறவங்க அதுக்காக வாங்கலாம். சீட்டுல நூறு கிராம் குறைக்கலாம், ஆனா உங்களுக்குப் பொருந்துன சீட்டை எடைக்காக மாத்தாதீங்க. கார்பன் க்ராங்க் இருநூறு யூரோவுக்கு நூறு கிராம், கல்லுல இடிக்குற இடம், வேணாம். டைட்டானியம் போல்ட் மொத்தமா மாத்துனாலும் அம்பது கிராம் தேறாது. பிரேக் டிஸ்க்கைச் சின்னதாக்குறது, நாலு பிஸ்டன் காலிப்பரை ரெண்டு பிஸ்டனா மாத்துறது, இதெல்லாம் எடை குறைக்க யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. 110 கிலோவை நீளமான இறக்கத்துல நிறுத்தணும், 200, 220 மில்லிமீட்டர் டிஸ்க் அதுக்காகத்தான் இருக்கு.

ஃபோர்க்கும் (முன் சஸ்பென்ஷன்) ஷாக்கும் (பின் சஸ்பென்ஷன்) பெரிய கிராம் இருக்குற இடம். விலை குறைஞ்ச பைக்ல வர்ற ராக்‌ஷாக்ஸ் 35 மாதிரி ஃபோர்க்கைக் கழட்டிட்டு அதே கம்பெனியோட மேல் ரகமான லிரிக் போட்டா முந்நூறு நானூறு கிராம் போகும், ஓட்டுற தரமும் ரெண்டு படி ஏறும், அதனால இதை எடைச் செலவுன்னு எழுதாதீங்க, சஸ்பென்ஷன் செலவுன்னு எழுதுங்க, அப்பதான் 900 யூரோ நியாயமாத் தெரியும். ஃபாக்ஸ் 38 ஃபோர்க் இருக்குறவங்க 36-க்கு இறங்குனா 200 கிராம்தான், கனமான பைக்ல செங்குத்தா இறங்கும்போது 38-ஓட விறைப்பை இழக்குறது நஷ்டம். பின்னாடி காயில் ஷாக் (சுருள் ஸ்பிரிங் வச்சது) இருந்தா, காத்தடைச்ச ஏர் ஷாக்ல நானூறு கிராம் வரைக்கும் மிச்சம், ஆனா காயில் ஏன் போட்டாங்கன்னு யோசிங்க, சின்னச் சின்ன அதிர்வை அது மாதிரி ஏர் வாங்காது. ஜெர்மனில இன்னொரு விஷயமும் இருக்கு, 25 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் உதவுற இ-பைக்ல எந்தப் பார்ட்டை யார் அனுமதியோட மாத்தலாம்னு சைக்கிள் தொழில் சங்கங்கள் சேந்து ஒரு வழிகாட்டி போட்டிருக்காங்க, ஃபோர்க், ஷாக், பிரேக் சிஸ்டம் எல்லாம் பைக் தயாரிப்பாளர் அனுமதிச்சாத்தான், பெடல், கியர் சமாச்சாரம் மாதிரி சிலதுக்குத் தனி அனுமதி தேவையில்ல. வாரன்டிப் பேச்சு வரும்போது இதைத்தான் எடுத்துப் பேசுவாங்க, மெயில்ல ஒரு வரி கேட்டு வாங்கி வச்சுக்குறது நல்லது.

பேட்டரிலயும் ஒரு வழி இருக்கு. 2024-ல பாஷ் பவர்டியூப் 600-உம் 800-உம் விட்டாங்க, 600 மூணு கிலோ, 800 3.9 கிலோ. 750-லேர்ந்து 600-க்குப் போனா ஒரே பார்ட்ல 1.3 கிலோ, வேற எந்த மாத்தமும் இதுகிட்ட நிக்காது. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஓட்டுறவருக்கு 600 தாராளம். ஆனா நீளம் வேற வேற, உங்க ஃப்ரேம்ல உக்காருமா, சிஸ்டம் தலைமுறை ஒத்துப்போகுதான்னு டீலர்கிட்ட கேட்டே ஆகணும், பழைய சிஸ்டத்துக்கு ஆகாது. விலையும் கையைக் கடிக்கும், இருக்குற பேட்டரி நல்லா இருக்கும்போது வாங்குற சாமான் இல்ல. பேட்டரி வயசாகி மாத்துற நேரம் வந்தா அதே பெருசை வாங்காம இதை யோசிங்க.

இப்போ கூட்டிப் பாத்தா டியூப்லெஸ், முன் டயர், கேசட், ஹேண்டில்பார், ஃபோர்க், வீல் எல்லாம் சேத்து ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, செலவு ரெண்டாயிரத்து ஐநூறைத் தாண்டும். இன்னொரு பக்கம் பாருங்க, 2023-ல வந்த பாஷ் எஸ்எக்ஸ் மோட்டார் ரெண்டு கிலோ, அதோட காம்பாக்ட்டியூப் 400 பேட்டரி ரெண்டு கிலோ. சிஎக்ஸ் மோட்டாரும் 750 பேட்டரியும் சேந்தா ஏழு கிலோவுக்கு மேல. மூணு கிலோ அந்த இடத்துலயே போயிடுச்சு, டிக்யூங்கற இன்னொரு கம்பெனியோட ஹெச்பிஆர்50 மோட்டார் 1.85 கிலோதான். இந்த வகை பைக் 17, 19 கிலோல நிக்குது. பதிலுக்கு நீங்க விடுறது 85-க்குப் பதிலா 50, 55 நியூட்டன் மீட்டர், பாதிப் பேட்டரி. செங்குத்து ஏத்தத்துல நீங்களும் வேலை செய்யணும், நண்பர்கள் எல்லாம் சிஎக்ஸ்ல டர்போ போட்டு ஏறுனா நீங்க பின்தங்குவீங்க. 250 வாட் அவர் எக்ஸ்ட்ரா பேட்டரி 1.6 கிலோ, நீளமான நாளுக்கு மட்டும் மாட்டிக்கலாம்.

அதனால நான் சொல்ற வழி இப்படி. வாரக்கடைசில ஆயிரத்து ஐநூறு மீட்டர் ஏறி இறங்குறவர், பைக்கோட பலம் புடிச்சிருக்கு, படியும் ரேக்கும்தான் தொந்தரவுன்னா, டியூப்லெஸ் இந்த வாரமே, முன் டயரும் கேசட்டும் தேயும்போது, பேட்டரி கழட்டுற பழக்கம், அத்தோட நிறுத்திடுங்க, மிச்சக் காசுல வருஷா வருஷம் ஃபோர்க் சர்வீஸ் ஒழுங்காப் பண்ணுங்க. பைக் வளைவுல திரும்பவே மாட்டேங்குது, குதிக்க வரல, பழைய சாதாரண மவுன்டன் பைக் மாதிரி விளையாடணும்னு ஏங்குறவர் ஒரு பார்ட்டும் வாங்காதீங்க, அந்த ரெண்டாயிரத்து ஐநூறையும் பழைய பைக் விக்குற காசையும் சேத்து லைட் பைக் ஒண்ணு எடுத்துக்குங்க. வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்து, நீங்க வழக்கமா ஏறுற அதே மேட்டுல ஒரு முழு நாள் ஓட்டிப் பாருங்க, கடை வாசல்ல சுத்துற டெஸ்ட் ரைடுல 55 நியூட்டன் மீட்டர் போதுமா போதாதான்னு தெரியவே தெரியாது.